பெட்டிக்குள்ளே திறவுகோல்

கணிப்பொறி என்றதும் திரையும் விசைப்பலகையும் கொண்ட ஒரு கருவிதான் நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. உண்மையில் இன்று இயங்கிவரும் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை அந்த உருவத்தில் இல்லை. கைப்பேசி, தொலைக்காட்சிப் பெட்டி, வீட்டு மூலையில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டி, பேருந்து நடத்துநர் கையிலுள்ள பயணச்சீட்டுப் பொறி, மருத்துவமனையில் நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கணிப்பொறி ஒளிந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பணிக்காகக் கருவிக்குள் பதித்து வைக்கப்பட்டிருப்பதால் இவற்றை உட்பொதி கணிப்பொறிகள் என்கிறோம்.

இவற்றை வடிவமைப்போரிடையே பரவியுள்ள ஒரு வழக்கத்தை இக்கட்டுரையில் மதிப்பிட விரும்புகிறேன். கருவியை உயிர்ப்பிக்கும் முதல் நிரலை, இயக்க அமைப்பும் பயனாளியின் கோப்புகளும் இருக்கும் அதே நினைவகத்தில், அதன் ஒரு பிரிவிலேயே வைத்துவிடும் வழக்கம் அது. செலவு குறைவு, வேலை எளிது என்பன அதன் சிறப்புகள். ஆனால் பெட்டியின் திறவுகோலை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதை ஒத்தது அது என்பது என் கருத்து. இக்கருத்து சரியா என்பதை வாசகர்கள் நிறுத்துப் பார்க்கலாம்.

முதற் கட்டளை எங்கிருந்து வருகிறது?

மின்விசையை அழுத்துகிறோம். நுண்செயலி விழித்தெழுகிறது. அப்போது அதன் வேலை நினைவகம் வெறுமையாக இருக்கும். ஏனெனில் மின்சாரம் நின்றால் அதில் உள்ளவை அழிந்துவிடும். கோப்பு என்றால் என்ன, வட்டு என்றால் என்ன என்பதும் நுண்செயலிக்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் சென்று, அங்குள்ள கட்டளையை எடுத்துச் செயற்படுத்துவது ஒன்றே அது அறிந்தது. ஆகவே அந்த முகவரியில் அழியாத நிரல் ஒன்று காத்திருக்க வேண்டும்.

1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியில் இந்த நிரல் தாய்ப்பலகையிலேயே தனி ‘ரோம்’ சில்லில் இருந்தது. ‘பயாஸ்’ என்பது அதன் பெயர். அது வன்பொருள்களைச் சரிபார்த்த பின், வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். வட்டு முழுவதையும் அழித்தாலும் பயாஸ் அழியாது. வேறு வட்டைப் பொருத்தினால் பொறி மீண்டும் எழுந்துவிடும். பொறியை எழுப்பும் நிரல் ஓரிடம், பொறியில் ஓடும் நிரல் வேறிடம் என்ற இந்தப் பிரிவினைதான் இங்கு முக்கியம்.

உட்பொதி கருவிகளில் நிலைமை வேறு. அவற்றில் நுண்செயலியும் துணை உறுப்புகளும் ஒரே சில்லில் அடங்கிவிடுகின்றன. அச்சில்லினுள் சிறிய ரோம் ஒன்றும் உண்டு. சில்லு வார்க்கப்படும்போதே அதன் உள்ளடக்கம் உறைந்துவிடுவதால் பின்னர் மாற்ற இயலாது. சில்லுக்கு வெளியே எந்த வகை வேலை நினைவகம் பொருத்தப்படும், அதை எப்படிப் பதப்படுத்துவது என்பதெல்லாம் அந்த ரோமுக்குத் தெரியாது. எனவே அது ஒரே ஒரு காரியம் செய்கிறது. வெளியே உள்ள ஏதேனும் ஒரு நினைவகத்திலிருந்து, சில பத்துக் கிலோபைட்டு அளவுள்ள ஒரு சிறு நிரலைச் சில்லினுள் இழுத்துக்கொண்டு அதனிடம் ஆட்சியை ஒப்படைக்கிறது. அச்சிறு நிரல் வெளி நினைவகத்தை ஆயத்தப்படுத்தி அடுத்த பெரிய நிரலை இழுக்கும். அது இயக்க அமைப்பை இழுக்கும். வெளியே இருக்கும் இவ்விரு நிரல்களையும் சேர்த்துத் தொடக்க நிரல் என்று இங்குக் குறிப்பிடுகிறேன்.

இந்தத் தொடக்க நிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதே நம் வினா.

புறம்போக்கில் ஒரு குடியிருப்பு

ஒரு வட்டையோ நினைவக அட்டையையோ பல பிரிவுகளாகப் பிரிக்கலாம் என்பதை அறிவீர்கள். எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம் வட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். ஊர்க் கணக்கில் ஒவ்வொரு புலத்துக்கும் எல்லை எழுதி வைப்பதைப் போன்றது இது. பழைய முறையான எம்.பி.ஆர். அட்டவணை முதல் 512 பைட்டுகளுக்குள் அடங்கும். அதில் 446 பைட்டு நிரலுக்கு, தலா 16 பைட்டு வீதம் நான்கு பிரிவுகளுக்கு 64 பைட்டு, இறுதி அடையாளத்துக்கு 2 பைட்டு. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

இந்த அட்டவணைக்கும் முதற் பிரிவுக்கும் இடையே சிறிது வெற்றிடம் விடுவது வழக்கம். பழைய கருவி நிரல்கள் முதற் பிரிவை 63-ஆம் செக்டாரில் தொடங்கின. இக்காலத்தவை 2048-ஆம் செக்டாரில், அதாவது ஒரு மெகாபைட்டு தள்ளித் தொடங்குகின்றன. எவர் பெயரிலும் எழுதப்படாத இந்த நிலத்தைச் சில்லு வடிவமைப்போர் கண்டுகொண்டனர். ‘ஆல்வின்னர்’ நிறுவனத்தின் பல சில்லுகள் தொடக்க நிரலை 8-ஆவது கிலோபைட்டில் தேடுகின்றன. ‘என்.எக்ஸ்.பி.’ நிறுவனத்தின் ஐ.எம்.எக்ஸ்.6 வகை 1-ஆவது கிலோபைட்டில் தேடுகிறது. ‘ராக்சிப்’ சில்லுகள் 64-ஆம் செக்டாரில், அதாவது 32-ஆவது கிலோபைட்டில் தேடுகின்றன. ஆளுக்கோர் இடம், அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. பட்டா இல்லாமல் புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்ட கதைதான்.

எம்.பி.ஆர். காலத்தில் இதனால் பெரிய தொல்லை எழவில்லை. பின்னர் ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை முறை வந்தது. இது பெரிய வட்டுகளுக்கும் நிறையப் பிரிவுகளுக்கும் ஏற்றது. வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் ஒதுக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் 128 பைட்டு. ஆக 16,384 பைட்டு வேண்டும். இது 2-ஆம் செக்டாரில் தொடங்கி 33-ஆம் செக்டார் வரை பரவும். பைட்டுக் கணக்கில் 1,024-இல் தொடங்கி 17,407 வரை.

இப்போது மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8-ஆவது கிலோபைட்டு என்பது 8,192-ஆம் பைட்டு. அது 1,024-க்கும் 17,407-க்கும் இடையில் விழுகிறது! 8,192-இலிருந்து 1,024-ஐக் கழித்து 128-ஆல் வகுத்தால் 56 கிடைக்கும். அதாவது அட்டவணையின் முதல் 56 வரிகளுக்குப் பிறகு வரவேண்டிய வரிகளின் இடத்தில் ஆல்வின்னரின் தொடக்க நிரல் குடியேறியிருக்கிறது. ஐ.எம்.எக்ஸ்.6 நிலைமை இன்னும் மோசம். அதன் இடம் 1,024-ஆம் பைட்டு. அட்டவணையின் முதல் வரி தொடங்கும் அதே இடம்.

விளைவு என்ன? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் நினைவகம் பற்றவைக்கப்பட்ட சிறு கணிப்பொறிப் பலகை ஒன்றில் புதிய இயக்க அமைப்பை நிறுவத் தொடங்கினார். நிறுவும் நிரல், “வட்டு முழுவதையும் பயன்படுத்தலாமா?” என்று கேட்டது. அவர் “ஆம்” என்றார். எவரும் அப்படித்தான் சொல்வர். நிறுவும் நிரல் வழக்கப்படி 128 வரிகள் கொண்ட புது ஜி.பி.டி. அட்டவணையை எழுதியது. நிறுவல் வெற்றி என்ற செய்தியும் வந்தது. பலகையை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது திரை இருண்டே கிடந்தது. மாணவர் செய்ததில் பிழை இல்லை. நிறுவும் நிரல் செய்ததிலும் பிழை இல்லை. அட்டவணையில் வெற்றிடம் என்றிருந்ததை வெற்றிடம் என்று நம்பினார்கள், அவ்வளவே. அந்தப் பலகையில் நினைவக அட்டைக்கான துளை இருந்ததால், வேறோர் அட்டையிலிருந்து அதை எழுப்பித் தொடக்க நிரலை மீண்டும் எழுத முடிந்தது. துளையே இல்லாத மூடிய கருவியாயிருந்தால்? கருவியாளர் மொழியில் அது செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். விலை கொடுத்து வாங்கிய செங்கல்.

பட்டா கொடுத்தால் போதுமா?

புறம்போக்கில் இருப்பவருக்குப் பட்டா கொடுத்துவிட்டால் தொல்லை தீருமல்லவா? அதுவே அடுத்த வழி. தொடக்க நிரலுக்கென்று அட்டவணையில் முறையாக ஒரு பிரிவு ஒதுக்குவது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பிரிவுக்குள் கோப்பு அமைப்பு எதுவும் இராது. நிரல் வெறும் பைட்டுகளாகவே எழுதப்பட்டிருக்கும். பல கைப்பேசிகளில் இம்முறையே உள்ளது. இரண்டாம் வகையில் ‘ஃபேட்’ என்னும் எளிய கோப்பு அமைப்பு கொண்ட பிரிவுக்குள் தொடக்க நிரல் ஒரு கோப்பாக இருக்கும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.எம்.335எக்ஸ் சில்லு, ஃபேட் பிரிவில் ‘எம்.எல்.ஓ.’ என்ற பெயருள்ள கோப்பைத் தேடும்.

புறம்போக்கை விட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது. நிறுவும் நிரல் அதைக் கண்டு ஒதுங்கிச் செல்ல வாய்ப்புண்டு. தொடக்க நிரலைப் புதுப்பிப்பது ஒரு கோப்பைப் படியெடுப்பதைப் போல எளிதாகிவிடுகிறது. தனிச் சில்லின் செலவும் மிச்சம். இலட்சக்கணக்கில் கருவி செய்வோருக்கு ஒரு சில்லின் விலையும் பெரிதே.

ஆனால் பட்டா என்பது தாளில் எழுதிய எழுத்து, மதிற்சுவர் ஆகாது. பிரிவு அட்டவணையை மதிப்பதும் மதிக்காததும் எழுதும் நிரலின் விருப்பம். இயக்க அமைப்பில் மேலாண்மை உரிமை பெற்ற எந்த நிரலும் வட்டின் எந்தப் பைட்டையும் மாற்றலாம். தீய நிரல் நுழைந்தால் அதற்கும் அந்த உரிமை உண்டு. இதைத் தடுக்கத் தொடக்க நிரலில் மறைகுறிக் கையொப்பம் இடுகிறார்கள். கையொப்பம் பொருந்தாவிட்டால் சில்லினுள் உள்ள ரோம் அதை இயக்க மறுக்கும். நல்லதே. ஆனால் நோயைக் கண்டறிவது வேறு, தீர்ப்பது வேறு. மாற்றப்பட்ட நிரலை இயக்க மறுத்த கருவி பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் உயிரற்றுக் கிடக்கும்.

மின்னணுக்களின் சாட்சியம்

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் குறை ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள ‘ஃபிளாஷ்’ நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் ‘மிதக்கும் வாயில்’ என்ற அமைப்பை உருவாக்கினர. நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு கடத்தித் தீவு அது. அதற்குள் மின்னணுக்களைச் செலுத்திவிட்டால் அவை வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். 10 நானோமீட்டர் தடிப்புள்ள காப்புப் படலத்தின் குறுக்கே 10 வோல்ட்டு கொடுத்தால் மின்புலச் செறிவு மீட்டருக்கு 100 கோடி வோல்ட்டு ஆகிறது. இவ்வளவு கடும் புலத்தில் மின்னணுக்கள் குவாண்டம் விதிப்படி காப்புப் படலத்தைத் துளைத்து உட்புகும். மின்னணு உள்ளதா, இல்லையா என்பதே 0, 1 என்ற செய்தியாகிறது. இந்த அடிப்படையில் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். 1987-இல் ‘நாண்ட்’ வகை வந்தது.

நினைவக அட்டைகளிலும் கைப்பேசிகளிலும் இருப்பது நாண்ட் வகை. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைத்தால் இரண்டு மின்னேற்ற நிலைகள் போதும். இரண்டு பிட் வைக்க 4 நிலைகளும், மூன்று பிட் வைக்க 8 நிலைகளும், நான்கு பிட் வைக்க 16 நிலைகளும் வேண்டும். மலிவாகச் செய்ய வேண்டி அறைகளைச் சுருக்கி நிலைகளைப் பெருக்கியுள்ளனர். ஆகவே நிலைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பிழை திருத்தும் கணக்கீடு இல்லாமல் இவ்வகை நினைவகத்தைப் படிக்கவே முடியாது. எழுதி அழிக்குந்தோறும் காப்புப் படலமும் தேய்கிறது.

தேய்மானத்தைப் பரவலாக்க, அட்டையினுள் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. நீங்கள் 100-ஆம் செக்டாரில் எழுதுங்கள் என்றால் அது உண்மையில் எங்கோ ஓரிடத்தில் எழுதி, தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். நெடுநாள் தொடப்படாத செய்தியையும் அவ்வப்போது வேறிடத்துக்கு மாற்றும். இங்கேதான் நம் வினாவுக்குரிய உண்மை இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பிரிவு அட்டவணையைப் பற்றிய கவலை இல்லை. தொடக்க நிரலின் பிரிவும் உங்கள் புகைப்படங்களின் பிரிவும் அதன் கண்ணுக்கு ஒரே களஞ்சியத்து நெல். நாம் அடுத்தடுத்த பிரிவுகள் என்று எண்ணுபவை உள்ளே ஒன்றோடொன்று கலந்து கிடக்கலாம்.

மின்தடை வந்தால் என்ன நேரும்? ஓர் அறையில் இரண்டு பிட் வைக்கும் வகையில், நேற்று எழுதிய ஒரு பிட்டும் இன்று எழுதும் மற்றொரு பிட்டும் ஒரே அறையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இரண்டாவதை எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால், அறையின் மின்னேற்றம் அரைகுறையாக நின்று, நேற்றைய செய்தியும் கெடக்கூடும். தக்க காப்பு ஏற்பாடு இல்லாத மலிவான அட்டைகளில் இந்த ஆபத்து மிகுதி. அதாவது, நீங்கள் தொடக்க நிரலைத் தொடவே இல்லை; புகைப்படம் ஒன்றைச் சேமிக்கும்போது மின்சாரம் போயிற்று; ஆனாலும் தொடக்க நிரல் பழுதாகலாம். பிரிவு என்பது நம் மனத்திலுள்ள கோடு. மின்னணுக்கள் அந்தக் கோட்டை அறியா.

ராஸ்பெரி பை தரும் பாடம்

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சாட்சியை அழைக்காமல் தீர்ப்பு எழுதுவது முறையன்று. 2012-இல் பிரிட்டனில் மாணவர்களுக்காக வெளியிடப்பட்ட ராஸ்பெரி பை என்ற மலிவுக் கணிப்பொறியில் தொடக்க நிரல்கள் நினைவக அட்டையின் ஃபேட் பிரிவில் சாதாரணக் கோப்புகளாக இருந்தன. ‘பூட்கோட்.பின்’, ‘ஸ்டார்ட்.எல்ஃப்’ என்பன அவற்றுட் சில. பலகையில் எழுதக்கூடிய நினைவகம் ஏதும் இல்லை. எனவே பலகையை நிரலால் கெடுக்கவே முடியாது! மாணவர் எதையாவது அழித்துவிட்டால் அட்டையைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மீண்டும் எழுதிச் செருகினால் போதும். கற்போர் அஞ்சாமல் ஆராய இது பெரிதும் துணை செய்தது. இந்த வடிவமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அது ஏன் வெற்றி பெற்றது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அட்டை கழற்றக்கூடியது. நம் உவமையில் சொன்னால், திறவுகோல் பெட்டிக்குள் இருந்தாலும் பெட்டியையே மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசியிலும் சுவரில் பொருத்திய கருவியிலும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ராஸ்பெரி பையின் நியாயம் செல்லாது. நகலெடுத்தோர் வடிவத்தை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டனர்.

மேலும், ராஸ்பெரி பை குழுவினரே பின்னர் வழியை மாற்றிக்கொண்டனர். 2019-இல் வந்த நான்காம் வகையில் தொடக்க நிரலின் முதற் பகுதி பலகையிலுள்ள 512 கிலோபைட்டுத் தனிச் சில்லுக்குப் போய்விட்டது. அது கெட்டுவிட்டால் மீட்கும் நிரலை அட்டையிலிருந்து படிக்கும் ஏற்பாட்டையும் சில்லினுள் உள்ள ரோமில் வைத்தனர். தனி இடமும் உண்டு, தப்பிக்கும் வழியும் உண்டு. 2023-இல் வந்த ஐந்தாம் வகையும் தனிச் சில்லு வழியிலேயே சென்றது.

ஒரே உறையில் இரண்டு கத்தி

இன்னொரு சிக்கலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்க நிரல் சில விவரங்களைத் தனக்கென நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இயக்க அமைப்பை முதலில் எழுப்புவது என்பது போன்றவை அவை. இயக்க அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, “இதை மாற்றி எழுது” என்று தொடக்க நிரலிடம் கேட்கும் முறையும் உண்டு. தனிச் சில்லாயின் தொடக்க நிரல் தன் சில்லில் எழுதிக்கொள்ளும். ஒரே நினைவகமாயின் அதன் கட்டுப்பாடு அந்நேரத்தில் இயக்க அமைப்பின் கையில் இருக்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் கட்டளையிட்டால் குழப்பமே மிஞ்சும். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? இதனால் இத்தகைய பல கருவிகளில் ஓடும்போது எழுதும் வசதியே கைவிடப்பட்டது. இடத்தைப் பகிர்ந்ததால் ஏற்பட்ட நேரடி இழப்பு இது.

விதிநூல் என்ன சொல்கிறது?

ஆளுக்கொரு வழியில் சென்றுகொண்டிருந்த நிலையைச் சீர்செய்ய, ஆர்ம் வகை நுண்செயலிகள் கொண்ட உட்பொதி கருவிகளுக்காக இ.பி.பி.ஆர். என்ற விதிநூலின் முதற் பதிப்பு 2019-இல் வெளியாயிற்று. தொடக்க நிரலை எங்கே வைப்பது என்பதற்கு அதில் ஒரு தனி அதிகாரமே உண்டு. தொடக்க நிரலுக்குத் தனிச் சில்லோ, நினைவகத்தினுள் வன்பொருள் வழியே பிரிக்கப்பட்ட தனிப் பகுதியோ இருப்பது நன்று என்கிறது அது. அளவும் செலவும் இடந்தராவிட்டால் ஒரே நினைவகத்தைப் பகிரலாம், அப்போது ஜி.பி.டி. அட்டவணையில் அப்பிரிவு ‘இன்றியமையாதது’ என்று குறிக்கப்பட வேண்டும். சில்லின் ரோம் ஜி.பி.டி.க்கு இடங்கொடாதபோதுதான் எம்.பி.ஆர். பயன்படுத்தலாம், தானாக நிறுவும் நிரல்கள் அக்குறியிட்ட பிரிவை அழிக்கவோ நகர்த்தவோ கூடாது, கையால் பிரிக்கும் கருவி நிரல்கள் எச்சரிக்கை தர வேண்டும்.

தெளிவான, பயனுள்ள விதிகள். புறம்போக்கு முறைக்கு ஓர் ஒழுங்கு கற்பிக்க முயன்றமை பாராட்டத்தக்கது. ஆயினும் விதிகளின் வலிமையை ஒப்பிட்டுப் பாருங்கள். தனி இடம் தருவது பலகை செய்வோருக்குப் பரிந்துரை. பிரிவை அழிக்காதிருப்பது நிறுவும் நிரல் எழுதுவோருக்குக் கட்டளை. சில ரூபாய் செலவழித்துச் சிக்கலை வேரோடு களையக்கூடியவருக்கு அறிவுரை. அந்தச் செலவை மிச்சப்படுத்தியதால் வந்த சுமையை, தொலைவில் எங்கோ நிரல் எழுதும் ஒருவர் தலையில் கடமையாக ஏற்றுகிறது. அவர் இந்த விதிநூலைப் படித்திருப்பார் என்பதற்கு உறுதி என்ன? படித்தவரே எழுதிய நிரலானாலும், முதலில் என் மாணவர் போன்ற ஒருவர் “வட்டு முழுவதும்” என்று சொல்லும்போது அந்தக் குறியை மதிக்குமா? என் மதிப்பீட்டில் இந்த அதிகாரத்தின் பெருங்குறை இதுவே.

தனிச் சில்லு சர்வரோக நிவாரணியா?

அன்று. நடுநிலை தவறாமல் இதையும் சொல்ல வேண்டும். 1998-இல் பரவத் தொடங்கிய சி.ஐ.எச். என்ற தீய நிரல் வட்டின் முதல் மெகாபைட்டை அழித்ததோடு, எழுதக்கூடிய பயாஸ் சில்லையும் அழிக்க முயன்றது. 1999 ஏப்ரல் 26 அன்று அது பல நாடுகளில் பெருஞ் சேதம் விளைத்தது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 இயக்க அமைப்பிலிருந்த ஒரு பகுதி, சில லெனோவோ மடிக்கணினிகளின் பயாஸ் சில்லைப் பழுதாக்கியதால், அந்தப் பதிப்பை இறக்கிக்கொள்ளும் வசதியே சில காலம் நிறுத்தப்பட்டது. இரண்டிலும் தனிச் சில்லு இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது.

ஆகவே தனி இடம் மட்டும் போதாது; பூட்டும் வேண்டும். இத்தகைய சிறு சில்லுகளில் எழுதுவதைத் தடுப்பதற்கென்றே ஒரு கால் உண்டு. தொடக்ககாலக் குரோம்புக் மடிக்கணினிகளில் ஒரு திருகாணியைக் கழற்றினாலன்றித் தொடக்க நிரலின் அடிப்படைப் பகுதியை மாற்ற முடியாதபடி அமைத்திருந்தனர். எந்தத் தீய நிரலாலும் திருகாணியைக் கழற்ற இயலாதல்லவா!

தனிச் சில்லுக்குக்கூட இடமில்லை என்போருக்கும் வழி உண்டு. கருவிகளில் பற்றவைக்கப்படும் இ.எம்.எம்.சி. என்னும் நினைவகத்தில் பொதுப் பகுதியிலிருந்து வேறான இரண்டு தொடக்கப் பகுதிகள் தரப்பட்டுள்ளன. அவற்றுக்குத் தனி முகவரி வரிசை உண்டு. பொதுப் பகுதியின் அட்டவணையை எவ்வளவு மாற்றினாலும் இவற்றைத் தொடாது. அடுத்த முறை மின்சாரம் நிறுத்தி இயக்கும்வரை எழுத முடியாதபடியோ, நிலையாகவே எழுத முடியாதபடியோ பூட்டவும் செய்யலாம். லினக்ஸ் இயக்க அமைப்பு இப்பகுதிகளைத் தொடக்கத்தில் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது. இதற்குத் தனிச் செலவு இல்லை; ஏற்கெனவே வாங்கிய நினைவகத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பொதுப் பகுதியில் பிரிவு போட்டுத் தொடக்க நிரலை வைப்பதற்குச் செலவு ஒரு சாக்கு ஆகாது.

எப்படி மதிப்பிடுவது?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் என் தீர்ப்பு இது. அட்டவணையில் இல்லாத இடத்தில் தொடக்க நிரலை ஒளித்து வைப்பது தவறான வடிவமைப்பு. பெயரிட்ட பிரிவில் வைப்பது அதைவிட மேல். ஆனால் நினைவகத்தைக் கழற்ற முடிகிற கருவிகளுக்கு மட்டுமே போதுமானது. பற்றவைத்த நினைவகம் கொண்ட கருவிகளுக்கு வன்பொருள் வழியே பிரிந்த, பூட்டக்கூடிய இடம் வேண்டும். எந்த முறையாயினும் இரண்டு படிகள் இருக்க வேண்டும். ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றது தொடப்படாமல் காத்திருக்க வேண்டும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பிலிருந்து கைப்பேசிகளில் இந்த இரட்டைப் படி முறை பரவியுள்ளது. அனைத்தும் கெட்டபின்னும் மீட்க ஒரு வழி சில்லின் ரோமிலேயே இருக்க வேண்டும்.

இது பொறியியலாரின் உள்வீட்டுச் சச்சரவு என்று எண்ணிவிட வேண்டாம். தொடக்க நிரல் கெட்ட கருவியில் நுண்செயலி, திரை, மின்கலம் எல்லாம் நல்ல நிலையில் இருந்தாலும் அது குப்பைக்கே போகிறது. சில பத்துக் கிலோபைட்டுக்காக ஒரு முழுக் கருவி குப்பையாகிறது. அதன் விலையை வாங்கியவர் தருகிறார். அதன் நஞ்சை மண் ஏற்கிறது. மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் வாழ்வோருக்கு இந்த ஆபத்து மற்றவர்க்கு இருப்பதைவிட மிகுதி.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் இத்தகைய கருவிகளை வடிவமைக்கப் போகிறீர்கள். அப்போது மின்சாரம் எந்த நொடியிலும் நிற்கும், பயனாளி எந்த வினாவுக்கும் “ஆம்” என்பார் என்ற இரண்டையும் இயற்கை விதிகளாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கருவி வாங்கப்போகும் மற்ற வாசகர்கள் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோனாலும் இதை நான் மீண்டும் எழுப்ப முடியுமா?” விடை இல்லையென்றால், திறவுகோல் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.